பரண் மேலே பூனை, பஞ்சாரத்துக்குள்ளே நாய்க்குட்டி

'நாயும் பூனையும் மாதிரி' என்று நாம் சொல்லும்போது உண்மையான நாயையும் பூனையையும் நினைத்துச் சொல்வதில்லை. பெரும்பாலும் நாத்தனாரையும் மதனியையும் நினைத்துக் கொண்டுதான் சொல்கிறோம். பாவம், அந்த இரண்டு ஜீவன்களுக்கும் நடுவில் அப்படி என்னதான் தகராறு என்று யாரும் நின்று விசாரித்ததில்லை. விசாரித்துப் பார்த்தால், அது ஜென்மப் பகை அல்ல, வெறும் பாஷைத் தகராறு என்பது தெரிய வரும்.

நாய் வாலை ஆட்டினால் சந்தோஷம். பூனை வாலை வீசி வீசி ஆட்டினால், 'என் பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு' என்று அர்த்தம். நாய்க்குட்டி முன்னங்காலைத் தூக்கினால், 'வா, விளையாடலாம்' என்கிறது. பூனை முன்னங்காலைத் தூக்கினால் அடுத்த க்ஷணம் அறை விழப் போகிறது. மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டும் நாய்க்குட்டி, 'நீதான் பெரியவன்' என்று சரணாகதி செய்கிறது. சண்டையில் மல்லாந்து படுக்கும் பூனையோ நான்கு கால் நகத்தையும் ஒரே சமயத்தில் உபயோகிக்கத் தயாராகிறது. ஒருவர் 'வாருங்கள்' என்று சொல்வது இன்னொருவர் காதில் 'வெளியே போ' என்று விழுந்தால் எந்தக் குடும்பம்தான் உருப்படும்?

2008-ம் வருஷம் இஸ்ரேல் தேசத்தில் டெல் அவீவ் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள், நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீடுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் இரண்டும் சிநேகமாகவே இருந்தன. ஒன்றின் பாஷையை மற்றொன்று கற்றுக் கொண்டிருந்ததுதான் அதில் வேடிக்கை. பூனைகள் ஒன்றையொன்று மூக்கோடு மூக்கு உரசி நலம் விசாரிப்பது வழக்கம். அந்த மரியாதையை நாய்களும் கற்றுக் கொண்டு பூனையிடம் செய்தனவாம். பூனை முதலில் வந்து, நாய் பிறகு வந்த வீடுகளில் சிநேகம் சுலபமாக ஏற்பட்டது. பூனை ஆறு மாதத்துக்குள்ளும் நாய் ஒரு வருஷத்துக்குள்ளும் இருந்தால் இன்னும் சுலபம். ஆகவே வீட்டில் பூனை இருக்கிறதே, நாய்க்குட்டி வேண்டாம் என்று பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது வேறு ஒன்றைக் குறித்து. அதைப் பேசுவதற்கு அருப்புக்கோட்டைப் பக்கம் போவதுதான் சௌகரியம்.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் விருதுநகர் மாவட்டத்தில் வானம் பார்த்த சீமை. பருத்தி, மிளகாய், சோளம், குதிரைவாலி என்று மழையை நம்பிப் பயிர் செய்கிற ஊர்கள். அருப்புக்கோட்டை நெசவுக்கும் பேர் போனது. குழித்தறி குறைந்து விசைத்தறி பெருகி விட்டாலும், நூலும் பாவும் இருக்கிற வீட்டில் எலிக்குப் பயந்தே ஆக வேண்டும். கஞ்சி போட்ட நூலை எலி கடித்தால் ஒரு நாள் கூலி போச்சு. தானியம் கொட்டி வைத்திருக்கும் சம்சாரி வீட்டிலும் இதே பாடு. அதனால் இங்கே பூனை வெறும் செல்லப் பிராணி அல்ல. சம்பளம் வாங்காத சிப்பந்தி.

இந்தச் சீமைக்கு நாய்களிலும் ஒரு பெருமை உண்டு. ராஜபாளையம் நாய் இந்த மாவட்டத்து ஊரின் பெயரையே தாங்கியது. 2005-ம் வருஷம் ஜனவரியில் தபால் இலாகா அதற்கு ஒரு தபால் தலையே வெளியிட்டது. ஒல்லி உடம்பும் நீண்ட முகமுமாக, காற்றுக்கு உருவம் கொடுத்தது போல் ஓடுகிற சிப்பிப்பாறையும் கன்னியும் இந்தத் தென்பாண்டிக் கரிசல் பூமியின் சொத்து. 2020 ஆகஸ்டில் பிரதம மந்திரி வானொலியில் பேசும்போது நம் நாட்டு நாய்களின் பெயரைச் சொன்னாரே, அதில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை நான்கும் நம் பக்கத்தவை. அப்போதிருந்து பட்டணத்துக்காரர்களும், 'ஒரு சிப்பிப்பாறைக் குட்டி கிடைக்குமா?' என்று விசாரிக்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

இங்கேதான் கவனம் வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் தலைமுறை தலைமுறையாக முயல் வேட்டைக்கு வளர்க்கப்பட்டவை. மோப்பம் பிடிப்பதைவிடக் கண்ணால் பார்த்து விரட்டுவதில் சூரர்கள். வன உயிர்ச் சட்டப்படி இப்போது முயல் வேட்டை கூடாது. ஆனால் சட்டம் நமக்குத்தான், நாயின் ரத்தத்துக்கு அல்லவே! சின்னதாக ஒன்று கண் முன்னால் ஓடினால் அதன் கால் தானாகக் கிளம்பி விடும். ஓடுவது முயலா, கோழிக்குஞ்சா, பத்து வருஷமாக வீட்டில் இருக்கும் பூனையா என்ற விசாரமெல்லாம் ஓடி முடித்த பிறகுதான்.

ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அருப்புக்கோட்டையில் ஓட்டு வீடு. பட்டாசாலை, அடுப்பங்கரை, மேலே தட்டுமுட்டுச் சாமான் போடும் பரண். பெரிய பூனை ஒன்று, அதன் மகள் ஒன்று. பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் துண்டுக்குள் எதையோ மறைத்துக் கொண்டு வருகிறான். துண்டு நெளிகிறது.

"என்னடா அது?"

"சிப்பிப்பாறைம்மா. சும்மா குடுத்தாங்க."

தாயார் வாயைத் திறக்குமுன் அப்பத்தா திண்ணையிலிருந்து தீர்ப்பு வழங்கி விடுகிறாள்: "இதுக்கு என்னத்தா யோசனை? பூனையத் தூக்கியாந்து அது மூஞ்சிக்கு நேரா காட்டு. ரெண்டு அறை வாங்குச்சுன்னா அடங்கிப் போயிரும்."

"இல்லத்தை, கண்ணுல கிண்ணுல பட்டுறப் போகுது" என்கிறாள் மருமகள்.

இந்த விஷயத்தில் என் ஓட்டு மருமகளுக்குத்தான். அப்பத்தாவின் யோசனை ஊரெங்கும் உள்ள யோசனை. கேட்க நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் நாய்க்குட்டியின் கண் பெரிது, மூக்கு நீளம், பயம் கிடையாது. பூனையின் நகமோ ஊசி. கருவிழியில் அந்த நகம் கீறினால் புண்ணாகும். கவனிக்காமல் விட்டால் பார்வையே போகும். இன்னொரு பக்கம் யோசியுங்கள். கையில் இறுக்கிப் பிடித்த பூனைக்கு ஓட வழியில்லை. அது முதலில் கீறப் போவது உங்கள் கையைத்தான். பிறகு உங்கள் பிடியிலிருந்து திமிறிக் குதித்து ஓடும். அது ஓடுவதைப் பார்த்ததும் குட்டி துரத்தும். குட்டியின் வாழ்க்கையில் முதல் பாடம், 'பூனை என்றால் துரத்துவதற்கு' என்று பதிந்து போகும். முயலை விரட்டின வம்சம் அந்தப் பாடத்தை இரண்டாம் தடவை சொல்லித் தரும் வரை காத்திராது.

நான் சொல்ல வந்ததும் இதைத்தான். முதல் துரத்தல் நடக்கவே கூடாது. பூனையைச் சமாதானம் செய்வது எப்படி என்று நாம் தலையை உடைத்துக் கொள்கிறோம். பூனைக்கு ஒன்றும் கற்றுத் தர வேண்டியதில்லை. அது உயரத்தில் உட்கார்ந்து பார்த்து, தானே முடிவு செய்து, தனக்கு இஷ்டப்பட்ட தேதியில் இறங்கி வரும். கற்றுத் தர வேண்டியது குட்டிக்கு. அதிலும், 'பூனையோடு விளையாடு' என்று அல்ல. 'பூனையைக் கண்டால் சும்மா இரு' என்று.

பூனைக்குப் பரண் வேண்டும். பட்டணத்து அடுக்கு வீட்டில் பரண் இல்லையென்றால் அலமாரியின் மேல்தட்டு, ஜன்னல் திட்டு, பீரோ உச்சி எதுவானாலும் சரி. ஏறுவதற்கு நடுவில் ஒரு பெட்டியோ ஸ்டூலோ போட்டுக் கொடுங்கள். வயதான பூனைக்கு ஒரே தாவலில் ஏற முடியாது. அதன் சாப்பாடு, தண்ணீர், படுக்கை எல்லாம் குட்டிக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். மணல் தட்டு வைத்திருக்கிற வீடானால் அதையும் குட்டி நுழைய முடியாத அறையில் வையுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். நாய்க்குட்டிகளுக்கு ருசி விஷயத்தில் நம்மைப் போல் கூச்சம் கிடையாது.

குட்டி வந்த முதல் மூன்று நான்கு நாட்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னால் ஜாதகம் மாற்றிக் கொள்வது போல் இங்கே வாசனையை மாற்றிக் கொள்ள வேண்டும். குட்டி படுத்த பழைய துணியைப் பூனையின் பக்கம் போடுங்கள். பூனை படுத்ததைக் குட்டியின் பக்கம் போடுங்கள். பூனை அதை மோந்து பார்த்துச் சீறிவிட்டுப் போனால் கவலைப்படாதீர்கள். அதே துணியின் பக்கத்தில் ஒரு நாள் அசட்டையாகப் படுத்துக் கொள்ளுமே, அன்றைக்கு அடுத்த படி. நடுவில் ஒரு கதவைச் சாத்தி, இந்தப் பக்கம் பூனைக்கும் அந்தப் பக்கம் குட்டிக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு வையுங்கள். முதலில் கதவுக்கு எட்டத்தில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டத்தில். அந்த வாசனை வந்தால் வயிறு நிறையும் என்ற எண்ணம் இரண்டுக்கும் பதிய வேண்டும்.

அடுத்தது பார்வை. இதற்குப் பட்டணத்தில் கம்பிக் கூண்டு விலைக்கு வாங்குகிறார்கள். நம் பக்கத்து வீடுகளில் அதைவிட அருமையான சாதனம் உண்டு: கோழி அடைக்கிற பஞ்சாரம். நிழலான இடத்தில் குட்டியை ஒரு எலும்பைக் கொடுத்துப் பஞ்சாரத்துக்குள் உட்கார வைத்து, பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து கொள்ளுங்கள். வேக வைத்த எலும்பு வேண்டாம். அது சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையில் குத்தும். பச்சை எலும்பு பிடிக்காதவர்கள் தேங்காய்ச் சில்லு கொடுக்கலாம். பூனை பரணிலிருந்து பார்க்கும். பிறகு ஒரு நாள் இறங்கி வந்து பஞ்சாரத்தைச் சுற்றி வரும். வெளியில் இருப்பவள் சுதந்திரி, உள்ளே இருப்பவன் கைதி என்பது தெரிந்ததும் அதன் நடையில் ஒரு மிடுக்கு வரும் பாருங்கள்! ஐந்து நிமிஷம் போதும். குட்டி கத்திக் கலாட்டா செய்யும் வரை வைத்திருக்காதீர்கள்.

பூனையின் வால் நேராக மேலே நின்றால் நல்ல சகுனம். காது தலையோடு ஒட்டிக் கொண்டு, கண்மணி விரிந்து, முதுகு வில்லாக வளைந்தால் அன்றைய பாடம் முடிந்தது என்று அர்த்தம். குட்டியிடம் பார்க்க வேண்டியது வேறு. குதித்துக் குரைக்கிற குட்டியைப் பற்றி அத்தனை பயமில்லை. குரைக்காமல், அசையாமல், ஒரு காலை லேசாக மடக்கி, இமை கொட்டாமல் பூனையையே பார்த்துக் கொண்டிருக்கிறதே, அதுதான் வேட்டைப் பார்வை. சிப்பிப்பாறைக் குட்டியிடம் அதைக் கண்டால் சந்தோஷப்பட்டு, 'எவ்வளவு சமத்தாய் உட்கார்ந்திருக்கிறது!' என்று சொல்லி விடாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். முகத்தைத் திருப்பி உங்களைப் பார்த்த அந்த நிமிஷம் வாயில் ஒரு துண்டுக் கருப்பட்டி அளவு கோழிக்கறியோ, அவித்த முட்டையோ போடுங்கள். பூனையைப் பார்த்தால் சம்பளம் இல்லை, பூனையை விட்டு உங்களைப் பார்த்தால் சம்பளம். இதை ஒரு மாதம் செய்தால் பூனை வந்ததும் குட்டி தானாகவே உங்கள் கையைத் திரும்பிப் பார்க்கும்.

ராஜபாளையம் குட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. பால் வெள்ளையான இந்த ஜாதியில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. குட்டி தூங்கும்போதோ வேறு பக்கம் பார்க்கும்போதோ பின்னால் நின்று கை தட்டிப் பார்த்து விடுங்கள். காது கேட்காத குட்டியும் நல்ல குட்டிதான். ஆனால் பூனை சீறி எச்சரிக்கிற சத்தம் அதற்குக் கேட்காது. அறை விழுந்த பிறகுதான் தெரியும். அந்த மாதிரிக் குட்டியை இன்னும் அதிக நாள் கயிற்றில் வைத்திருக்க வேண்டும். கூப்பிடுவதற்குக் குரலுக்குப் பதில் கைஜாடை பழக்க வேண்டும்.

பஞ்சாரம் முடிந்து கயிறு. குட்டி கயிற்றில் இருக்க, பூனை இஷ்டம் போல் நடமாட, ஒரே அறையில் பழக்கும் கட்டம் இது. இதற்கு நேரம் பார்க்க வேண்டும். காலையிலும் அந்தி மயங்கும் நேரத்திலும் பூனைக்கு வேட்டைக் குணம் தலைதூக்கும். குட்டிக்கும் உற்சாகம் கரை புரளும். அந்த நேரத்தில் சந்திப்பு வேண்டாம். வெயில் ஏறுவதற்கு முன்னால் குட்டியை நன்றாக ஓட விட்டு, வயிறு நிறையப் போட்டு விடுங்கள். பிறகு உச்சி வெயில். அருப்புக்கோட்டைச் சித்திரை வெயிலில் மனிதர்களுக்கே மாமியார் மருமகள் சண்டை போடத் தெம்பு இருக்காது. ஓட்டு வீட்டுப் பட்டாசாலையின் குளிர்ந்த தரையில் குட்டி ஒரு மூலையில் நீட்டிப் படுக்கும், பூனை மறு மூலையில் நீட்டிப் படுக்கும். ஒன்றும் நடக்காத மத்தியானங்கள்தான் நமக்கு வேண்டியவை. அப்படிப் பத்து மத்தியானம் கழிந்தால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

தப்பித் தவறித் துரத்தல் ஆரம்பித்தால் கத்தாதீர்கள். கத்தினால் குட்டி நீங்களும் சேர்ந்து குரைக்கிறீர்கள் என்று நினைத்துக் கொள்ளும். தரையில் கிடக்கும் கயிற்றை மிதியுங்கள், அவ்வளவுதான். அடித்தால் அந்த வலியின் கணக்கும் பூனை பேரில்தான் எழுதப்படும்.

சாப்பாட்டு விஷயம் பெரிய விஷயம். திருச்சுழி என்றதும் நினைவுக்கு வருகிறவர் ரமண மகரிஷி. 1879 டிசம்பர் 30-ந் தேதி அந்த ஊரில் பிறந்தவர். திருவண்ணாமலையில் அவரைச் சுற்றி வாழ்ந்த நாய், பசு, குரங்கு, அணில், மயில் இவற்றின் கதைகளை அடியார்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தப் பிராணியையும் அவர் 'அது' என்று சொல்ல மாட்டார். அவன், அவள் என்பார். சாப்பாட்டு வேளையில் நாய்களுக்கு முதலில் சோறு, அப்புறம் வாசலில் வந்து நிற்கும் ஏழைகளுக்கு, கடைசியில்தான் பக்தர்களுக்கு என்று ஒரு ஒழுங்கு இருந்ததாம். இன்றைக்கும் ஆசிரமத்தில் லக்ஷ்மி என்ற பசு, வள்ளி என்ற மான், ஜாக்கி என்ற நாய், ஒரு காக்கை இவற்றின் சமாதிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒரே இடத்தில் இத்தனை ஜாதி ஜீவன்கள் குடித்தனம் செய்ததற்கு மகானின் சந்நிதானம் காரணம் என்பார்கள். இருக்கலாம். குடும்பம் நடத்துகிறவளாகிய எனக்கு அந்தச் சாப்பாட்டு ஒழுங்கும் கண்ணில் படுகிறது. தன் பங்கு தன் நேரத்துக்குத் தப்பாமல் வரும் என்று தெரிந்த பிராணி அடுத்தவன் தட்டைப் பார்ப்பது குறைவு.

நம் வீட்டில் முதல் பந்தி பூனைக்கு. அவள் மூத்தவள். மேலே, குட்டிக்கு எட்டாத இடத்தில் அவள் தட்டு. இரண்டும் ஒரே சாப்பாட்டில் காலம் தள்ள முடியாது. நாய் சோறு, காய், கறி எல்லாம் சேர்த்துச் சாப்பிட்டு வளரும். பூனை மாமிச பட்சிணி. மீனும் கறியும் இல்லாமல் வெறும் பால் சோற்றில் நெடுநாள் வைத்தால் அதன் கண்ணும் இருதயமும் கெடும். மாமிசத்தில் இருக்கும் டாரின் என்ற சத்து பூனைக்கு அவசியம். கடையில் விற்கிற நாய்த் தீனியில் அது பூனைக்குப் போதுமான அளவு இருக்காது. கருவாட்டில் உப்பு அதிகம், அதுவும் வேண்டாம். தண்ணீருக்கு வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் கிண்ணம் வையுங்கள். பாலைவனத்துப் பூனையின் வம்சமானதால் அது இயல்பாகவே குறைவாகத்தான் குடிக்கும். குட்டி காவல் நிற்கிற ஒரே கிண்ணத்துக்கு அது போகவே போகாது. போகாவிட்டால் இந்த வெயிலில் மூத்திரக் கோளாறு வரும். ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்து ஒன்றுக்குப் போகாமல் எழுந்து வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அன்றைக்கே வைத்தியரிடம் தூக்கிப் போக வேண்டும்.

இரண்டும் சேர்ந்து இருக்கிற வீட்டில் சண்டையைவிட ஆபத்தான ஒன்று உண்டு, அது மருந்து. வறண்ட சீமையில் நாய்க்கு உண்ணி பிடிப்பது சர்வ சாதாரணம். கழுத்தில் விடும் சொட்டு மருந்து, பவுடர், குளிப்பாட்டும் மருந்து என்று கடையில் பலவும் கிடைக்கும். நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற சரக்கு இருக்கிறது. நாய்க்கு அது ஒன்றும் செய்யாது. பூனையின் ஈரலுக்கு அதைச் செரிக்கும் சக்தி கிடையாது. மருந்து பூனை மேல் பட்டாலும், மருந்து காயாத நாயைப் பூனை நக்கினாலும், பக்கத்தில் ஒட்டிப் படுத்தாலும் உடம்பு உதறி வலிப்பு வந்து உயிரே போகலாம். 'கொஞ்சம் மீதி இருக்கிறதே, வீணாவானேன்' என்று பூனைக்கும் ஒரு சொட்டு விடுகிற சிக்கன புத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். வீட்டில் பூனை இருக்கிறது என்று வைத்தியரிடம் சொல்லியே நாய்க்கு மருந்து வாங்குங்கள். அதே மாதிரி, ஜுரத்துக்கு நாம் போட்டுக் கொள்கிற பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒன்று பூனையைக் கொன்று விடும்.

தறி வீடுகளுக்கும் தையல் வீடுகளுக்கும் இன்னொரு ஜாக்கிரதை. பூனையும் குட்டியும் நூலோடு விளையாடுவதைப் படம் போட்டுக் காலண்டரில் தொங்க விடுகிறோம். விழுங்கின நூல் குடலைச் சுருக்குப் பை மாதிரி சுருக்கி அறுத்து விடும். வாயிலோ பின்புறத்திலோ நூல் நுனி தெரிந்தால் இழுக்காதீர்கள். அப்படியே வைத்தியரிடம் போங்கள்.

தடுப்பூசி பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி ஆரம்பம். வெறிநாய்க்கடி ஊசி மூன்றாம் மாதம். பலர் மறப்பது, பூனைக்கும் அந்த ஊசி உண்டு என்பதை. சண்டையை விலக்கப் போய் உங்களைக் கடித்தாலோ கீறினாலோ மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பாமல், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி விட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நம் வீட்டுப் பிராணிதானே என்ற தாட்சண்யம் அந்த வியாதிக்கு இல்லை.

பெண் குட்டி வந்தாலும் இன்னொரு யோசனை உண்டு. கமலா என்ற நாய் குட்டியாக ரமணரிடம் வந்து சேர்ந்தபோது, வருஷா வருஷம் குட்டி போட்டு ஆசிரமத்தை நிரப்பி விடுமே என்று அடியார்கள் விரட்டப் பார்த்தார்களாம். அவள் போகவில்லை, பின்னால் புதிதாக வருகிறவர்களுக்கு மலையைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டியாகவே ஆகி விட்டாள். நமக்கு இப்போது அந்தக் கவலை வேண்டாம். கால்நடை வைத்தியரிடம் கருத்தடை செய்து கொள்ளலாம், நாய்க்கும் பூனைக்கும். செய்து கொண்டால் கடுவன் பூனை ஊர் சுற்றுவதும் சண்டைக்குப் போவதும் குறையும்.

எத்தனை நாளாகும் என்று கேட்பீர்கள். இரண்டு வாரத்தில் முடிந்த வீடும் உண்டு. ஆறு மாதம் ஆன வீடும் உண்டு. பூனை குட்டி போட்டிருக்கும் சமயத்தில் ஆரம்பிக்கவே வேண்டாம். தாய்ப் பூனையிடம் யாருடைய நியாயமும் எடுபடாது. நடுவில் நீங்கள் பார்க்க வேண்டியது பூனையின் தட்டை. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லையென்றால் ஒரு படி பின்னால் போங்கள். மறுபடி கதவைச் சாத்துங்கள். இரண்டாம் நாளும் தட்டு அப்படியே இருந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதுவும் கொஞ்சம் பருத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

பட்டணத்து அடுக்கு வீட்டுப் பூனைக்கு வெளியே போக வழியில்லை. கரிசல் காட்டு வீட்டுப் பூனைக்கு ஓட்டுக் கூரையே ராஜபாட்டை. பிடிக்காவிட்டால் அது சண்டை போடாது, முறையிடாது, போய் விடும். 'ரெண்டு நாளாப் பூனையக் காணோமே' என்று யாராவது கேட்கும்போதுதான் தெரியும். 'அது போற இடத்துல எலி பிடிச்சுத் தின்னுக்கிரும்' என்று சமாதானமும் சொல்லிக் கொள்வோம். பத்து வருஷம் ஒரு வீட்டை நம்பி வாழ்ந்த கிழப் பூனை தெருவில் எத்தனை நாள் தாங்கும்? அதனால் குட்டி வந்த முதல் இரண்டு மூன்று வாரம் ராத்திரியில் பூனையை அதன் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். எத்தனை வேலை இருந்தாலும் தினம் பதினைந்து நிமிஷம் குட்டி இல்லாத இடத்தில் அதன் தலையைத் தடவிக் கொடுங்கள். புதுசு வந்தால் பழசை மறந்து விடுகிற வீடு இது அல்ல என்பதற்கு அதற்கு வேறு எந்த அத்தாட்சியும் கிடையாது.

எல்லாம் கூடி வந்து, இரண்டும் ஒரே சாக்கில் முதுகோடு முதுகு ஒட்டித் தூங்குகிற நாள் வந்து விட்டது என்றே வைத்துக் கொள்வோம். அப்போதும் குட்டிக்கு ஒன்றரை வயது ஆகும் வரை இரண்டையும் தனியே விட்டு வீட்டைப் பூட்டிக் கொண்டு கல்யாணத்துக்குப் போகாதீர்கள். இன்னொன்று, இந்தச் சீமை நாய்க்கு வீட்டுப் பூனை வேறு, தெருப் பூனை வேறு. சொந்த வீட்டுப் பூனைக்குத் தன் காதைக் கடிக்கக் கொடுத்து விட்டுச் சும்மா படுத்திருக்கும் அதே சிப்பிப்பாறை, எதிர் வீட்டுப் பூனை சுவரிலிருந்து குதித்து ஓடினால் கண் மூடித் திறப்பதற்குள் போய்ப் பிடித்து விடும். எதிர் வீட்டுக்காரர்களுக்கும் அவர்கள் பூனை பெரிசுதான். வாசலைத் தாண்டும்போது கயிறு உங்கள் கையில் இருக்கட்டும். கயிற்றைப் பையன் கையில் கொடுத்தால், பையன் குட்டியை நடத்துகிறானா, குட்டி பையனை நடத்துகிறதா என்று இரண்டு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்து விட்டு அப்புறம் கொடுங்கள்.